மெய்த்துகள், மெய்நிகர் துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள், பிளஸ் டூ முடித்துவிட்டு வீடியோ பார்த்துக் குழம்பி வரும் பிள்ளைகள், சில சமயம் அவர்களைக் கூட்டிவரும் அப்பாக்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகள் இவை. எல்லாம் குவாண்டம் புலக் கோட்பாட்டில் (துகள்களை, வெளி முழுக்கப் பரவிய புலங்களின் அதிர்வுகளாகப் பார்க்கும் கோட்பாடு) வரும் மெய்நிகர் துகளைச் சுற்றியவை. கணக்கை முழுதாகப் போடாமல் எவ்வளவு தூரம் சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லியிருக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெய்நிகர் துகளை ஏதோ கண்முன்னே நடந்த சம்பவம் மாதிரி விவரிக்கும் கதைகள் எனக்குப் பிடிக்காது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சுருக்கமாக, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மெய்த்துகள் ஓரிடத்தில் கிளம்பி இன்னோரிடம் போய்ச் சேரும், கருவியில் பதியும். அதன் ஆற்றல், உந்தம், நிறை மூன்றும் ஐன்ஸ்டீனின் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை. மெய்நிகர் துகள், மெய்த்துகள்கள் மோதினால் என்ன ஆகும் என்று கணக்கிடும்போது கணக்கின் நடுவில் வரும் ஓர் உறுப்பு. எந்தக் கருவியும் அதைத் தனியாகப் பிடித்ததில்லை.

அந்தச் சமன்பாடு எது? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

துகளின் ஆற்றலை வர்க்கப்படுத்துங்கள். உந்தத்தை ஒளிவேகத்தால் பெருக்கி, அதையும் வர்க்கப்படுத்தி, முதல் எண்ணிலிருந்து கழியுங்கள். மிச்சம் வருவது துகளின் நிறையை மட்டுமே பொறுத்தது. மெதுவாகப் போனாலும் சரி, ஒளிவேகத்தை நெருங்கினாலும் சரி, அந்த மிச்சம் மாறாது. அதன் வர்க்கமூலம் எலக்ட்ரானுக்கு 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு), எலக்ட்ரானின் கனமான உறவான மியூவானுக்கு 105.7, ஃபோட்டானுக்குப் பூஜ்யம். மெய்த்துகள் என்றால் இந்தச் சோதனையில் தேற வேண்டும்.

மதுரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் கருவிக்கு முன்மாதிரியாக, சுமார் 85 டன் எடையுள்ள ‘மினி ஐகால்’ என்ற காந்தக் கருவியை 2018இல் மதுரையில் நிறுவினார்கள். (மலைக்குள் அந்த ஆய்வகம் வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டையை இங்கே இழுக்கப் போவதில்லை.) இரும்புத் தகடுகளை அடுக்கி, இடைவெளிகளில் வாயு ஓடும் கண்ணாடி உணரிகளை வைத்திருக்கிறார்கள். வானத்திலிருந்து வரும் ஒரு மியூவான் உள்ளே புகுந்தால் அடுக்குக்கு அடுக்கு ஒரு மின்துடிப்பு கிடைக்கும். காந்தப்புலத்தில் பாதை எவ்வளவு வளைகிறது என்று பார்த்து உந்தத்தைச் சொல்லிவிடலாம், எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து மின்னூட்டத்தைச் சொல்லிவிடலாம். இந்த மியூவான்கள் பெரும்பாலும் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தவை. இதைப் படிக்கும்போதே உங்கள் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்றாவது போய்க்கொண்டிருக்கிறது. பிறந்த இடம், வந்த வழி, உந்தம், மின்னூட்டம் எல்லாம் அதற்கு உண்டு.

அப்படியென்றால் மெய்நிகர் துகள் எங்கிருந்து வந்தது?

நேராகத் தீர்க்க முடியாத கணக்கிலிருந்து வந்தது. இரண்டு எலக்ட்ரான்கள் நெருங்கி வந்து விலகிப் போகின்றன என்று வையுங்கள். புலக் கோட்பாட்டின் சமன்பாடுகளை வைத்து இதற்கு ஒரே மூச்சில் விடை காண இன்றுவரை யாராலும் முடியவில்லை. ஆகவே இடைவினை வலிமை குறைந்தது என்பதைப் பயன்படுத்தி, விடையைத் துண்டு துண்டாகக் கூட்டுகிறோம். ஒரு பெரிய துண்டு, அதற்கு ஒரு திருத்தம், அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் என்று போகும். மின்காந்த இடைவினையில் இந்தத் திருத்தங்களைச் சிறிதாக்கும் எண் ஏறக்குறைய 137இல் ஒரு பங்கு.

1940களின் கடைசியில் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு படம் வரையும் வழியைக் கொண்டுவந்தார். படத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கோடுகள், உள்ளே வந்த அல்லது வெளியே போன மெய்த்துகள்கள். இரண்டு முனையும் படத்துக்குள்ளேயே முடிகிற கோடுகளைத்தான் மெய்நிகர் துகள் என்கிறோம். பார்ப்பதற்கு ஏதோ பயணப் பாதை மாதிரி இருக்கும். உண்மையில் ஒவ்வொரு கோடும் ஒரு பெருக்கல் உறுப்பு. படத்தில் வளையம் இருந்தால், அதில் ஓடக்கூடிய எல்லா உந்தங்களுக்கும் சேர்த்துக் கூட்டிவிட வேண்டும்.

சோழவந்தான் பக்கம் கோணல்மாணலான ஒரு வயலை சர்வேயர் அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே கோடு போட்டு, முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் கூட்டுவார். ஏதாவது ஒரு முக்கோணம் வரப்பைத் தாண்டி வெளியே நீண்டால் அந்தத் துண்டைக் கழித்துக்கொள்வார். இன்னொரு சர்வேயர் வந்தால் வேறு மாதிரி பிரிப்பார். ஒழுங்காக அளந்தால் இரண்டு பேருக்கும் ஒரே செண்ட் கணக்குதான் வரும். வயல் இருக்கிறது, பரப்பும் இருக்கிறது. மூன்றாவது முக்கோணத்தில் இந்த வருஷம் என்ன விளைச்சல் என்று யாரும் கேட்பதில்லை.

மெய்நிகர் துகள்கள் ஆற்றலைக் கடன் வாங்கி, யாரும் பார்ப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன என்று படித்தேனே?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான். நான் அதிகம் மறுக்கிற பதிலும் அதுதான்.

ஃபெயின்மன் படத்தில் கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஆற்றலும் உந்தமும் அப்படியே காக்கப்படுகின்றன. அங்கே கடனே கிடையாது. உட்கோடுகள் தவறவிடுவது மேலே சொன்ன நிறைச் சமன்பாட்டை. உட்கோட்டில் வரும் ‘ஃபோட்டானுக்கு’ ஃபோட்டானின் நிறை இருக்காது, உட்கோட்டில் வரும் ‘எலக்ட்ரானுக்கு’ எலக்ட்ரானின் நிறை இருக்காது.

சரி, கடன் கதை எங்கிருந்து வந்தது? ஃபெயின்மனுக்கு முன்னால் இதே கணக்கை வேறு முறையில் போட்டார்கள். அதில் இடைநிலைத் துகள்கள் நிறைச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படும், ஆனால் இடைநிலையின் மொத்த ஆற்றல் தொடக்க ஆற்றலுக்குச் சமமாக இருக்காது. இரண்டு முறையிலும் கடைசி விடை ஒன்றே. ஒரு முறையில் ஆற்றல் ‘மீறப்படுகிறது’, இன்னொன்றில் நிறை ‘மீறப்படுகிறது’. எது மீறப்பட்டது என்பது நாம் எந்த முறையைக் கையில் எடுத்தோம் என்பதைப் பொறுத்து மாறினால், மீறல் இயற்கையில் நடந்தது என்று எப்படிச் சொல்வது?

ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மையைச் சாட்சிக்கு இழுப்பதும் சரியில்லை. ஆற்றலையும் காலத்தையும் இணைக்கும் அந்தச் சமனிலியில் வரும் காலம் என்ன என்பதை 1945இல் மண்டெல்ஷ்டாம், ஈகோர் டாம் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் தெளிவாக்கினார்கள்: ஓர் அமைப்பின் அளக்கத்தக்க ஏதாவது ஒன்று குறிப்பிடத்தக்க அளவுக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. ஆற்றல் அழியாமையைக் கொஞ்ச நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்ற அனுமதி அதில் எங்கும் இல்லை.

கணக்கு அவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகிறதே. அப்படியானால் அவை இருக்கின்றன என்றுதானே அர்த்தம்?

துல்லியம் உண்மைதான், அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. டிராக்கின் கோட்பாட்டின்படி ஹைட்ரஜன் அணுவில் ஒரே ஆற்றலில் இருக்க வேண்டிய இரண்டு நிலைகள், சுமார் 1,000 மெகாஹெர்ட்ஸ் விலகி இருப்பதை லாம்பும் ரெதர்ஃபோர்டும் 1947இல் அளந்தார்கள் (இவர் அணுக்கருவைக் கண்ட ரூதர்ஃபோர்டு இல்லை, வேறொருவர்). அடுத்த வருஷம் ஜூலியன் ஷ்விங்கர் எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்கு (அது எவ்வளவு வலிய குட்டிக் காந்தம் என்பதைச் சொல்லும் அளவு) 0.00116 என்ற திருத்தத்தைக் கணக்கிட்டார். இன்று அந்த எண் சோதனையில் 0.00115965218059 வரை போய்விட்டது. கோட்பாட்டுப் பக்கம் ஐந்தாவது படி வரை கணக்கிட்டிருக்கிறார்கள். முதல் படியில் ஒரே ஒரு படம், இரண்டாவதில் 7, ஐந்தாவதில் 12,672.

இப்போது யோசியுங்கள். அந்த 12,672 படங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, ‘இதன் பங்கு எவ்வளவு?’ என்று கேட்டால் பொதுவாக நிலையான பதில் கிடையாது. மின்காந்தப் புலத்தை விவரிக்க நமக்குச் சில தேர்வுகள் உண்டு. அளவீட்டுத் தேர்வு என்பார்கள். ஒரு தேர்வில் இந்தப் படத்துக்கு ஒரு எண், இன்னொரு தேர்வில் வேறு எண். கூட்டுத்தொகை மட்டும் மாறாது. சோதனையோடு ஒத்துப்போவதும் கூட்டுத்தொகை மட்டும்தான்.

அணுக்கருவைப் பிணைக்கும் வலிய விசைக்குப் போனால் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே பெரும்பாலான தேர்வுகளில் உட்கோடுகளில் ‘பேய்த்துகள்கள்’ வரும். 1967இல் ஃபதேயெவும் போபோவும் கொண்டுவந்தவை. கணக்கில் அவை இல்லாவிட்டால் நிகழ்தகவுகள் தப்பாக வரும். ஆனால் வேறு சில தேர்வுகளில் அவை சுத்தமாகக் காணாமல் போய்விடும். புரோட்டானுக்குள் பேய்த்துகள் திரிகிறது என்று எந்தப் பிரபல வீடியோவும் சொல்வதில்லை. மெய்நிகர் குளுவானை (வலிய விசையைச் சுமக்கும் துகள்) நம்புகிறவர் அதே படத்தில் அதே மாதிரி வரையப்பட்ட பேய்த்துகளையும் நம்ப வேண்டாமா? இரண்டும் ஒரே தகுதியுள்ள உட்கோடுகள்தானே.

இன்னொன்றும் உண்டு. கால-வெளியைப் புள்ளிகளின் கட்டமாகப் பிரித்து, கணினியில் புலத்தை நேரடியாகக் கணக்கிடும் முறையைக் கென்னத் வில்சன் 1974இல் தொடங்கினார். 2008இல் அந்த முறையில் புரோட்டானின் நிறை சில சதவீதத் துல்லியத்தில் வந்தது. அதில் ஃபெயின்மன் படம் கிடையாது, உட்கோடு கிடையாது, மெய்நிகர் துகளும் கிடையாது. புலங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால், எதை உண்மை என்று நம்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல உரைகல் இல்லை: கணக்கிடும் முறையை மாற்றினாலும் மிஞ்சி நிற்கிறதா?

வெற்றிடம் கொதிக்கிறது, துகள்கள் தோன்றித் தோன்றி மறைகின்றன என்கிறார்களே?

வெற்றிடம் என்பது மிகக் குறைந்த ஆற்றலுள்ள நிலை. குறிப்பிட்ட ஆற்றலுள்ள எந்த நிலையும் காலத்தோடு மாறாது, அதில் எதுவும் தோன்றாது, மறையாது. புலத்தை அங்கே அளந்தால் ஒவ்வொரு முறையும் பூஜ்யம் வராது, விடைகள் சிதறும். அந்தச் சிதறல் உண்மை. அதைக் கொதிப்பாகக் காட்டும் அனிமேஷன், வரைந்தவரின் கைவண்ணம்.

கேசிமிர் விளைவு மெய்நிகர் துகளுக்கு நேரடி ஆதாரம் இல்லையா?

மின்னூட்டமில்லாத இரண்டு உலோகத் தகடுகள் மிக நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று இழுக்கும் என்று ஹென்ட்ரிக் கேசிமிர் 1948இல் கணக்கிட்டார். ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 1997இல் லாமரோ நல்ல துல்லியத்தில் அளந்தார். விசை இருப்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அதற்கு ‘வெளியே இருக்கும் மெய்நிகர் ஃபோட்டான்கள் தகட்டைத் தள்ளுகின்றன’ என்ற விளக்கம் கட்டாயமில்லை. 1956இலேயே லிஃப்ஷிட்ஸ் இதே விசையைத் தகடுகளின் பொருளில் உள்ள மின்னூட்டங்களின் ஏற்ற இறக்கங்களிலிருந்து வருவித்தார். நெருக்கமான மூலக்கூறுகளுக்கிடையே இருக்கும் வான் டெர் வால்ஸ் விசையின் பெரிய அண்ணன் அது. 2005இல் ராபர்ட் ஜாஃபி இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார்: மின்காந்த இடைவினையின் வலிமையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் கேசிமிர் விசையும் பூஜ்யமாகிவிடும். வெறும் வெற்றிடத்தின் சொத்தாக இருந்தால் அப்படி ஆகக் கூடாது.

ஹாக்கிங் கதிர்வீச்சு? ஒரு துகள் கருந்துளைக்குள் விழ, இன்னொன்று தப்பிக்கிறதாமே?

1975இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் ஹாக்கிங்கே இந்தப் படத்தைச் சொல்லிவிட்டு, அது புரிந்துகொள்ள உதவும் ஒரு படம் மட்டுமே, அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். பின்பாதியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்தக் கதிர்வீச்சின் அலைநீளம் கருந்துளையின் அளவையே ஒத்தது. அவ்வளவு பெரிய அலையை எல்லையில் ஒரு புள்ளியில் பிறந்த ஜோடி என்று சொல்வது பொருந்தாது.

எலக்ட்ரானும் புரோட்டானும் ஃபோட்டானைப் பரிமாறிக்கொள்கின்றன என்றால், இழுவிசை எப்படி வரும்? தள்ளத்தானே வேண்டும்?

ஒரு பொருள் இங்கிருந்து அங்கே பறந்து போய் இடிக்கிறது என்று நினைப்பதால் வரும் சந்தேகம் இது. ஆற்றல் மாறாத மோதலில், நிறை மையத்திலிருந்து பார்த்தால், கைமாறும் ஆற்றல் பூஜ்யம், உந்தம் மட்டும் கைமாறுகிறது. மேலே சொன்ன சமன்பாட்டில் இதைப் போட்டால் நிறையின் வர்க்கம் எதிர்மறையாக வரும்! அப்படிப்பட்ட எதுவும் பாதையில் பறக்க முடியாது. இழுப்பா தள்ளலா என்பதை முடிவுசெய்வது மின்னூட்டங்களின் பெருக்கலும், உட்கோட்டில் இருக்கும் புலத்தின் தற்சுழற்சியும் (ஸ்பின்). தற்சுழற்சி ஒன்றாக இருந்தால் ஒத்த மின்னூட்டங்கள் விலகும். பூஜ்யமாகவோ இரண்டாகவோ இருந்தால் ஒத்தவையும் ஈர்க்கும்.

உட்கோட்டுப் புலத்துக்குரிய மெய்த்துகளின் நிறை, விசை எவ்வளவு தூரம் எட்டும் என்பதைச் சொல்லிவிடும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1935இல் ஹிடெகி யுகாவா அணுக்கரு விசையின் குறுகிய எல்லையிலிருந்து பின்னோக்கிப் போய், இவ்வளவு நிறையுள்ள ஒரு துகள் இருக்க வேண்டும் என்றார். 1947இல் பையான் கிடைத்தது: சுமார் 140 மெகா எலக்ட்ரான் வோல்ட். கணக்கின் நடுவில் இருந்த ஒரு கோடு, மெய்த்துகளாகவும் இருக்கக்கூடிய ஒரு புலத்தைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே உட்கோடுகளை வெறும் பொய் என்று ஒதுக்குவதும் தப்பு. புலம் உண்மை.

நியூட்ரான் சிதைவில் டபிள்யூ போசான் வருகிறதாம். நியூட்ரானைவிட அது எண்பது மடங்குக்கு மேல் கனமாயிற்றே?

டபிள்யூ போசான், இந்தச் சிதைவை நடத்தும் வலுவற்ற விசையைச் சுமக்கும் துகள். அதன் நிறை 80.4 கிகா எலக்ட்ரான் வோல்ட். நியூட்ரானுக்கும் புரோட்டானுக்கும் உள்ள நிறை வித்தியாசமோ 1.293 மெகா எலக்ட்ரான் வோல்ட்தான். அதாவது டபிள்யூ உண்மையிலேயே பிறக்க, கையில் இருப்பதைப் போல அறுபதாயிரம் மடங்கு வேண்டும். பிறக்கவில்லை என்பதே பதில். கணக்கில் டபிள்யூ கோடு ஒரு பெரிய வகுஎண்ணாக உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் நிகழ்தகவு குறைந்து, தனி நியூட்ரான் சராசரியாக 880 நொடி தாக்குப்பிடிக்கிறது. 1934இல் ஃபெர்மி டபிள்யூவே இல்லாமல் இந்தச் சிதைவை நன்றாகக் கணக்கிட்டார். மெய்யான டபிள்யூ வெளிப்பட்டது 1983இல், ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் மோதுகலனில், தேவையான ஆற்றலைக் கொடுத்த பிறகு.

மதுரையில் சொந்தக்காரர் யாருக்காவது பெட் ஸ்கேன் எடுத்திருந்தால் இதே கணக்கு அங்கேயும் நடந்திருக்கும். உடலுக்குள் செலுத்தும் ஃபுளோரின்-18 சிதைந்து எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைத் தரும். கணக்கில் மறுபடி ஒரு டபிள்யூ கோடு. பாசிட்ரான் பக்கத்திலுள்ள எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும். அங்கே ஒரு எலக்ட்ரான் உட்கோடு. சுற்றியுள்ள வளையத்தில் பதிவது எதிரெதிர்த் திசையில் போகும், தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உள்ள இரண்டு ஃபோட்டான்கள். டாக்டர் பார்க்கும் படம் முழுக்க அந்த மெய்த்துகள்களால் ஆனது.

இரண்டுக்கும் நடுவே கோடு அவ்வளவு தெளிவாக இருக்கிறதா?

இல்லை. இங்கே நான் கொஞ்சம் இறங்கி வந்துதான் ஆக வேண்டும்.

டபிள்யூவைப் போலவே வலுவற்ற விசையைச் சுமக்கும் இசட் போசானை எடுத்துக்கொள்ளுங்கள். நிறை 91.19 கிகா எலக்ட்ரான் வோல்ட், ஆயுள் சுமார் 2.6×10⁻²⁵ நொடி. எந்த உணரிக்கும் அது தானாக வந்து சேராது, சிதைந்து வந்தவற்றைத்தான் பார்க்கிறோம். அப்படிப் பார்த்தால் அது எப்போதும் உட்கோடு. ஆனால் செர்ன் நிலையத்தில் மோதல் ஆற்றலை 91 பக்கம் கொண்டுபோனபோது நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை செங்குத்தாக எகிறியது. சுமார் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் அகலமுள்ள ஒரு மலை. அந்த மலையை எந்தக் கணக்கு முறையாலும் மறைக்க முடியாது. அதனால் இசட் ஒரு துகள் என்று யாரும் தயங்காமல் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன்.

2012இல் கிடைத்த ஹிக்ஸ் போசானின் நிறை 125 கிகா எலக்ட்ரான் வோல்ட். அது இரண்டு இசட்டாகப் பிரிந்து நான்கு லெப்டான்களாக (எலக்ட்ரான், மியூவான் போன்றவை) வருவதைக் கண்டிருக்கிறார்கள். இரண்டு இசட்டுக்கு 182 வேண்டும், இருப்பது 125. ஆகவே ஒன்றாவது தன் மலை உச்சியிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. பெரும்பாலும் ஒரு லெப்டான் ஜோடி 91க்குப் பக்கத்தில் வரும், இன்னொன்று வெகு கீழே. முதலாவதை மெய், இரண்டாவதை மெய்நிகர் என்று பேச்சுவழக்கில் பிரிக்கலாம். வெட்டுக்கோடு எங்கே என்று கேட்டால் கிடையாது.

கடுமையாக வாதாடினால், சூரியனிலிருந்து வந்து உங்கள் கண்ணில் முடியும் ஃபோட்டானுக்கும் இரண்டு முனையும் இருக்கிறது, அதுவும் உட்கோடுதான் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 500 நொடி பயணம் செய்த ஃபோட்டான் தன் நிறைச் சமன்பாட்டிலிருந்து விலகக்கூடிய அளவு, ஆற்றலாகச் சொன்னால், 10⁻¹⁸ எலக்ட்ரான் வோல்ட் பக்கம். அதன் சொந்த ஆற்றலோ இரண்டு எலக்ட்ரான் வோல்ட். இவ்வளவு சின்ன விலகலுக்காக அதை மெய்நிகர் என்பது வீண் பிடிவாதம்.

ராமன் விளைவில் ‘மெய்நிகர் நிலை’ என்று ஒரு புள்ளிக்கோடு போடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

நெருங்கிய உறவு. நம் பக்கத்துக் கேள்வியும்கூட. 1928இல் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து அந்த விளைவைக் கண்ட கே. எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர்.

மூலக்கூறு மேல் ஒளி விழுந்து, கொஞ்சம் ஆற்றல் குறைந்தோ கூடியோ சிதறிப் போகிறது. பாடப்புத்தகம் மூலக்கூறு ஒரு புள்ளிக்கோட்டுக்கு ஏறி இறங்குவதாக வரையும். அந்த உயரத்தில் மூலக்கூறுக்கு எந்த நிலையும் இல்லை. 1925இல் கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் தந்த சூத்திரத்தைப் பார்த்தால், மூலக்கூறின் உண்மையான எல்லா நிலைகளுக்கும் சேர்த்து ஒரு கூட்டல் இருக்கும். ஒவ்வொரு உறுப்பின் கீழேயும் அந்த நிலையின் ஆற்றலுக்கும் ஒளியின் ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசம் வகுஎண்ணாக வரும். அந்தக் கூட்டலை ஒரே புள்ளிக்கோடாகச் சுருக்கிவிட்டார்கள்.

லேசரின் ஆற்றலை மூலக்கூறின் ஓர் உண்மையான நிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்த ஒரு உறுப்பு மட்டும் பிரம்மாண்டமாகிவிடும். சிதறல் பத்து லட்சம் மடங்கு வரைகூட வலுக்கலாம். இசட் மலையின் அதே கதைதான். ஆனால் உண்மையான நிலைக்கு ஏறிவிட்ட மூலக்கூறு சாவகாசமாக ஒளிர்ந்தபடி இறங்கவும் செய்யும். அந்த ஒளிர்வு ராமன் கோடுகளை அமுக்கிவிடும். சாயமேறிய மாதிரியை 532 நானோமீட்டர் பச்சை லேசரில் வைத்து ஒன்றும் தெரியாமல் போனால், ஆய்வகத்தில் 785 நானோமீட்டருக்கு மாற்றச் சொல்வது இதனால்தான்.